நன்மை வாங்காத கோயில்பிள்ளை

என் வீட்டுக்காரர் பதினோரு மாதமாக நன்மை வாங்கவில்லை. பூசையில் வரிசையாகப் போய் நற்கருணை பெறுவதைத்தான் நாங்கள் நன்மை வாங்குவது என்போம். வேறு யாராவது வாங்காமல் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். இவர் கோயில்பிள்ளை. கோயில் கதவைத் திறப்பவர், மணி அடிப்பவர், சாமியாருக்குப் பூசை உடுப்பை எடுத்து வைப்பவர், கிண்ணத்தில் அப்பத்தை எண்ணிப் போடுபவர். அவர் எண்ணிப் போட்ட அப்பத்தை மொத்தப் பங்கு ஜனமும் வாங்கித் திரும்பும்போது அவர் மட்டும் பக்கவாட்டுக் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? சமையல்காரர் பட்டினி கிடந்தால் எல்லோருக்கும் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வராதா?

எங்கள் வயதான சாமியார் பெரிய சாமி இறந்த துக்கம் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். ஆனால் கணக்கு உதைத்தது. பெரிய சாமி இறந்தது இவர் நிறுத்தி மூன்று வாரம் கழித்து. உயிரோடு இருந்தவருக்காக எந்த மனுஷன் முன்கூட்டியே துக்கம் காப்பான்?

எனக்குப் பல் மருத்துவமனையில் வேலை. முன்மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதி, நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பேச்சுக் கொடுத்து உள்ளே அனுப்புவேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பிடிவாதக்காரர்களை வாய் திறக்க வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற இந்த ஒரு வாயிடம் மட்டும் என் சாமர்த்தியம் செல்லவில்லை. வேறு பெண்ணோ என்றுகூட ஒருநாள் யோசித்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலை நாலரைக்கு எழுந்து கோயிலைத் திறந்து, பூசை முடிந்ததும் பீடத்துணியைத் தேய்த்து, மதியம் மெழுகுவர்த்திக் கறையைக் கரண்டிக் காம்பால் சுரண்டி, சாயங்கால மணி அடித்து வீடு வருகிற ஆளுக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவர். செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார், அதனால் எத்தனையோ முறை அடுக்களையில் என்னைத் திடுக்கிட வைத்திருக்கிறார். துண்டானாலும் போர்வையானாலும் பீடத்துணி மாதிரி மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடிப்பார். கல்யாணமான முதல் வாரமே, மறுநாள் நான் போட்டுக்கொள்ள வேண்டியதை எடுத்து, எதை முதலில் போடுவேனோ அது மேலே இருக்கும்படி நாற்காலியில் அடுக்கி வைத்தார். ஏன் என்று கேட்டேன். "பழக்கம்," என்றார். முப்பத்துமூன்று வருடமாக அப்படித்தான் உடுத்துகிறேன். ஒரு ராணிக்குக்கூட இது கிடைக்காது என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

இனி பெரிய சாமி. ஆள் அவ்வளவு உயரம், கோயில் வாசலில் குனிந்துதான் நுழைவார், அதனால் அந்தப் பெயர். இந்தப் பங்குக்கு இரண்டு முறை வந்தவர். முதலில் இளம் பங்குத்தந்தையாக ஏழு வருடம் இருந்தார். பிறகு பல ஊர் சுற்றி, தலை நரைத்து மறுபடி வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் ஆயரிடம் கெஞ்சி இங்கேயே தங்கிவிட்டார். பாட்டுச் சுத்தமாக வராது. அவர் இழுத்துப் பாட ஆரம்பித்தால் பாடகர் குழு தரையைப் பார்க்கும். ஆனால் யார் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு, யாருக்கு வேலை போனது, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். கதவைத் தட்டாமல் வந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவரைப் பிடிக்காதவர் என்று ஒருவரை இந்தப் பங்கில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நானும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவர்தான்.

கடைசி இரண்டு வருடம் அவருக்கு மறதி. எங்கள் முகம் மறந்தது, ஊர் மறந்தது, கடைசியில் தான் யார் என்பதே மறந்தது. காலையில் என் வீட்டுக்காரர் அவரைக் கைப்பிடித்து, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் உடுப்பு அறைக்குக் கூட்டி வருவார். "இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்பாராம். "உங்களுக்குத்தான் சாமி. நீங்க சாமியார்," என்பார் இவர். "அப்படியா?" என்று கையை நீட்டுவாராம். முதலில் வெள்ளை அங்கி, பிறகு இடைக்கயிறு, பிறகு கழுத்தில் ஸ்டோல் என்கிற நீளமான குருப்பட்டை, கடைசியில் மேலுடுப்பு. ஒவ்வொன்றாக ஏறும்போது ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவார். மேலுடுப்பு ஏறியதும் முதுகு நிமிரும். அவருக்குப் பிறகு பங்குக்கு வந்த புது சாமியோடு பீடத்தில் நின்று ஒரு வார்த்தை பிசகாமல் பூசை சொல்வார். உடுப்பைக் கழற்றியதும் மறுபடி, "தம்பி, நான் எங்க போகணும்?" என்பார்.

அவர் இறந்து ஓராண்டு நெருங்கியபோது பங்கில் நினைவு மலர் போட முடிவானது. அதை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனுஷனுக்கு எல்லாமே நேரப்படி நடக்கவேண்டும். சாமியார் பிரசங்கம் பத்து நிமிடம் தாண்டினால் கைக்கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மலரில் 'அழைத்தல்' என்று ஒரு பகுதி. பெரிய சாமிக்குக் குருவாகும் எண்ணம் எப்படி வந்தது என்று எழுதவேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றில் மூழ்கிப் பிழைத்ததால் என்றார் ஒருவர். அம்மாவின் நேர்ச்சை என்றார் இன்னொருவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர், ஜெபப்புத்தகம் ஒன்றைக் கோக்கும்போது மனம் மாறினார் என்று மூன்றாவது ஆள் சத்தியம் செய்தார். எல்லாம் பெரிய சாமி தன் வாயால் சொன்னவைதான். ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார். ஐந்து கதை சேர்ந்தது, ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"கூடவே இருந்தது உங்க வீட்டுக்காரர்தான். நினைவு நாள்ல அவரையே அழைத்தல் பத்திப் பேசச் சொல்லிடலாம். ஏழு நிமிஷம்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி விரலில் ஏறிவிட்டது.

"என்னால முடியாது."

"ஏன் முடியாது? நன்மை வாங்க முடியாது, பேச முடியாது, என்னதான் முடியும் உங்களால? இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

பதினோரு மாதம் பொறுத்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. என்னென்னவோ பேசினேன், அதை எல்லாம் இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் விரலைச் சப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"ஒரு நாள் காலையில மேலுடுப்பைப் போட்டுவிடப் போனேன். வேண்டாம்னு கையைத் தட்டிவிட்டார். கழுத்துல இருந்த ஸ்டோலைக் கழட்டி என் கழுத்துல போட்டார். போட்டுட்டு மண்டி போட்டுட்டார்."

"உங்க முன்னாலயா?"

"என் முன்னாலதான். மூட்டு வலின்னு பூசையிலகூட மண்டி போடாத மனுஷன். 'சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ண வந்திருக்கேன்'னு ஆரம்பிச்சிட்டார்."

"நீங்க தடுக்கலையா?"

"நான் கோயில்பிள்ளை சாமி, எழுந்திரிங்க எழுந்திரிங்கன்னு கத்துறேன். காதுலயே விழல. சொல்லி முடிச்சிட்டுத் தலையைக் குனிஞ்சிட்டுக் காத்திருந்தார். மணி ஆறு. வெளிய ஜனங்க உக்காந்திருக்காங்க. புது சாமி வேற அன்னிக்கு ஊர்ல இல்ல. தூக்கினா வரமாட்டேங்கிறார். 'மன்னிப்புக் குடுங்க சாமி, குடுக்காம அனுப்பாதீங்க'ன்னு அழறார். சின்னப் பிள்ளை மாதிரி அழறார். நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"என்ன பண்ணினீங்க?"

"கையைத் தூக்கி, உங்க பாவங்களை மன்னிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்கா இவ்வளவு? அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. குருப்பட்டம் இல்லாத ஒருவர் பாவமன்னிப்புக் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று இத்தனை வருடம் கோயிலில் கிடந்தவருக்குத் தெரியாதா? பூசைப் பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடாத மனுஷன் அவர். அந்த வாயோடு நன்மை வாங்கப் பயந்து நிற்கிறார்.

"புது சாமிகிட்ட போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?"

"நான் பண்ணினதைச் சொன்னா, அவர் சொன்னதும் கூடவே வந்துடும். அது வெளிய வரக்கூடாது."

"அப்படி என்ன சொன்னார்? யாரோட குடையையாவது எடுத்துட்டு வந்துட்டாராமா?"

அவர் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்துப் பொத்தானை விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர் சொல்லும் பாவத்தைக் கேட்ட சாமியார் சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது. அது பாவசங்கீர்த்தனமா, இல்லையா? இல்லையென்றால் அதைக் காப்பாற்றுவானேன்? ஆமென்றால் கேட்டவர் யார்?

அடுத்த வாரம் ஸ்டேஷன் மாஸ்டர் என் மேசைக்கே வந்துவிட்டார். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒரு ஃபைலை என் முன்னால் விரித்தார். பெரிய சாமியின் பெட்டியைப் பிரித்ததில் கிடைத்ததாம். குண்டூசியால் சேர்த்துக் குத்திய இரண்டு தாள்கள். ஊசி துருப்பிடித்துத் தாளில் கறை ஏறியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஒரு காலத்துல சாமியாராப் படிக்கக் குருமடத்துக்கு மனுப் போட்டாரா என்ன?"

"போட்டார். அழைத்தல் இல்லைன்னு திருப்பிட்டாங்க. அது பழைய கதையாச்சே."

கல்யாணத்துக்கு முன்பே அவர் அதை என்னிடம் சொல்லியிருந்தார். கடவுள் வேண்டாம் என்றது எனக்கு மிச்சம் என்று கேலி செய்ததும் ஞாபகம் இருக்கிறது.

"படிச்சுப் பாருங்க," என்றார். "இதுல எந்த வண்டி கிளம்பின வண்டின்னே எனக்குப் பிடிபடல."

இரண்டும் குருமட அதிபருக்குப் பெரிய சாமி தட்டச்சு செய்த கடிதங்கள். இரண்டும் என் வீட்டுக்காரரைப் பற்றியவை. முதல் தாளில் கையெழுத்து இல்லை. 'இந்த வாலிபனிடம் அழைத்தல் பகல் வெளிச்சம்போலத் தெரிகிறது. என்னைவிட நல்ல குருவாக வருவான். ஏற்றுக்கொள்ளுங்கள்.' இரண்டாவது, இரண்டு நாள் கழித்து எழுதியது. அது கையெழுத்திட்ட கடிதத்தின் கார்பன் பிரதி. 'நல்லவன், உழைப்பாளி. ஆனால் அழைத்தல் இவனிடம் நான் காணவில்லை. குடும்ப வாழ்வுக்கே ஏற்றவன்.'

"ரெண்டாவதுதான் போயிருக்கு," என்றேன்.

"அப்ப அதை மலர்ல போட்டுடலாமா? எவ்வளவு சரியாக் கணிச்சிருக்கார் பாருங்க. குடும்ப வாழ்வுக்கு ஏற்றவன்! முப்பத்துமூணு வருஷம் ஓடிடுச்சே." அவருக்கு உண்மையிலேயே பெருமை தாங்கவில்லை.

"போட வேண்டாம். இதை என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

நான் சொன்ன விதத்தில் மனுஷன் கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். அன்று இரண்டு பேருக்குத் தவறான நாற்காலி எண் கொடுத்து அனுப்பினேன். பல் பிடுங்க வந்தவர் சுத்தம் செய்கிற அறையில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் தாள்களை அவர் முன்னால் வைத்தேன். நின்றபடியே படித்தார். முடித்ததும் கேட்டேன்.

"இதைத்தான் அன்னிக்குச் சொன்னாரா?"

"அன்னிக்கு என்ன சொன்னார்னு நான் சொல்லக்கூடாது."

"சரி, இது இல்லைன்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்லக்கூடாது."

தாளை மூன்றாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினார். அவர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அதன் பிறகு எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பெரிய சாமி ஏன் மாற்றி எழுதினார்? இரண்டு நாள் யோசித்து, உண்மையிலேயே அழைத்தல் இல்லை என்று முடிவு செய்தாரா? அப்படியென்றால் முதல் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாமே. இல்லை, இவ்வளவு நல்ல கோயில்பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக என்ன செய்வேன் என்று பயந்தாரா? பொய் எழுதியவர் அந்த இரண்டையும் சேர்த்துக் குத்தி, போகிற பங்குக்கெல்லாம் பெட்டியில் தூக்கிக்கொண்டா அலைவார்? அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து, "தங்கமான பையன், உங்க பொண்ணைக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவான்," என்று என் அப்பாவிடம் சொன்னவரும் அவரேதான். எங்கள் கல்யாணப் பூசையில் அவர் தேம்பித் தேம்பி அழுதார். என்ன பாசம் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். இப்போது நினைத்தால் அந்த அழுகை எதற்கென்றே தெரியவில்லை. அவர்மேல் கோபப்படலாம் என்றால் கோபம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவர் நேர்மையாக எழுதியிருந்தால் எனக்கு இந்த மனுஷன் ஏது? என் மகள் ஏது?

வீட்டில் நான் இப்படி என்றால், கோயிலில் அவர் அதைவிட மோசம். சிவப்பு உடுப்பு எடுத்து வைக்கவேண்டிய நாளில் ஊதாவை எடுத்து வைத்தார். புது சாமியும் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டு போய்விட்டார், கோயில்பிள்ளைக்குத் தெரியாததா என்று. ஒரு நாள் மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடித்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாரடைப்பு வராதது புண்ணியம்.

நினைவு நாள் வந்தது. கோயில் நிரம்பி வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். மலரை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அழைத்தல் பகுதியில் ஐந்து கதைகளும் அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொருவரும் தனக்குச் சொன்னதுதான் உண்மை என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பூசையின் தொடக்கத்திலேயே பேச்சு. பேசமாட்டேன் என்று கடைசி வரைக்கும் முரண்டு பிடித்த என் வீட்டுக்காரர், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனார். மணி அடிக்கிற கயிற்றைப் பிடிப்பதுபோல மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்ன சொல்லிவிடப்போகிறாரோ என்று நான் மலரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"பெரிய சாமிக்கு அழைத்தல் எப்படி வந்துச்சுன்னு மலர்ல அஞ்சு விதமாப் போட்டிருக்கு. எது நெசம்னு எனக்குத் தெரியாது. கடைசியில அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு. தினமும் காலையில, நீங்க சாமியார்னு நான் சொல்வேன். அப்படியான்னு கேட்டுட்டு உடுப்பைப் போட்டுக்குவார். நான் யாரு, நீ யாரு, எதுக்குன்னு ஒண்ணும் தெரியாது. ஆனாலும் கையை நீட்டுவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. நன்மை நேரத்தில் அவர் வழக்கம்போலக் கதவோரம் நின்றார்.

எல்லோரும் போன பிறகு உடுப்பு அறைக்குப் போனேன். மேலுடுப்பை மேசையில் பரப்பி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவர் என்ன சொன்னார்னு கேக்கல. இந்தக் கடுதாசியை எழுதினதுக்கு நீங்க அவரை மன்னிச்சிட்டீங்களா?"

மடித்த உடுப்பை மறுபடி விரித்தார்.

"வாயால சொல்லிட்டேன். அது மனசுல இருந்து வந்துச்சா, அவரை எழுப்பிவிடணும்னு வந்துச்சான்னு தெரியல. அதுதான் என்னைத் தின்னுது. சாமியார் மாதிரி நடிச்சது ஒரு பக்கம். மன்னிக்காமலே மன்னிச்சேன்னு சொல்லிட்டேனோங்கிறது இன்னொரு பக்கம்."

"இப்ப மன்னிச்சிடுங்களேன்."

"எனக்குக் குருவாகணும்னு அவ்வளவு ஆசை இருந்துச்சு. உனக்குத் தெரியாது. கடவுள் வேண்டாம்னு சொல்லிட்டார்னுதான் மனசைத் தேத்திக்கிட்டேன். கடவுள் சொல்லலன்னு இப்பத் தெரியுது. அதை நெனச்சா நெஞ்சு எரியுது. அப்படி எரிஞ்சா, உன்னை வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடுது. சரி போகட்டும்னு விட்டா, அந்த ஆசையெல்லாம் பொய்னு ஆயிடுது. எந்தப் பக்கம் போனாலும் நடுவுல நீ வந்து நிக்கிறே."

எனக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தியது. இருபத்தொரு வயதில் அவர் ஆசைப்பட்டது என்னை அல்ல என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த அறையில், அந்த உடுப்புகளுக்கு நடுவே அதைக் கேட்பது வேறாக இருந்தது. "சனிக்கிழமை புது சாமி பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவார். நீங்க போறீங்க. போகலைன்னா நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை போனார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு முன்னால் போன நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். இவர் உள்ளே போய் அரைமணி ஆனது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பின்னாலேயே வந்த புது சாமியின் கண்ணும் அப்படித்தான் இருந்தது. படித்து முடித்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, பாவம், இப்படி ஒன்றை எந்தப் பாடத்திலும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு நடந்தோம். சலவைக்கடை, சைக்கிள் கடை எல்லாம் தாண்டினோம்.

"என்ன பரிகாரம் குடுத்தார்?" என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான். நான் கேட்பேன் என்று அவருக்கும் தெரியும்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார்."

"என்னன்னு?"

நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து விலகிப் போனார்.

"நீ சந்தோஷமா இருந்தியா?"

"முப்பத்துமூணு வருஷம் கழிச்சு நடுரோட்டுல வச்சுக் கேக்குற கேள்வியா இது?"

"பரிகாரம். பதில் சொல்லணும்."

"இருந்தேன். இப்பவும் இருக்கேன். போதுமா?"

போதும் என்று தலையாட்டினார். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி. நானும்தான். அவரை மன்னிச்சாச்சு," என்றார். அவ்வளவு லேசான குரலில் அவர் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே ஓவென்று அழவேண்டும்போல இருந்தது.

மறுநாள் ஞாயிறு. நன்மை நேரத்தில் அவர் கதவோரத்தை விட்டு வந்து வரிசையில் நின்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. நானும் எழுந்து அவருக்கு நான்கு பேர் தள்ளிப் பின்னால் நின்றேன். நன்மை வாங்குமுன் மனசை ஒருதரம் பார்த்துக்கொள்வது என் வழக்கம். பெரும்பாலும் கோபம், புறணி, பக்கத்து வீட்டுக்காரியின் மேல் எரிச்சல், இவ்வளவுதான் இருக்கும். அன்று பார்த்தபோது பெரிய சாமியின் கடிதம் இருந்தது.

குருமடத்துக்குப் போகவேண்டிய ஒரு மனுஷனைப் பொய் எழுதித் தடுத்தார். அது பாவம். அவரே மண்டியிட்டு அழுத பாவம். என் வீட்டுக்காரர் வலித்து, புழுங்கி, கடைசியில் மன்னித்த பாவம். அதற்காக நானும் கொஞ்சமாவது வருந்தவேண்டாமா? தேடித் தேடிப் பார்த்தேன், பொட்டளவுகூட வருத்தம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அந்தக் கடிதத்தை இன்னொரு முறை எழுதவேண்டும் என்றால் தாளை நானே தட்டச்சு மெஷினில் ஏற்றிக் கொடுப்பேன். இந்த மனசோடு எப்படிக் கையை நீட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இது பாவமா, நன்றியா, வெறும் சுயநலமா, ஒன்றும் விளங்கவில்லை. முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு விலகி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வாங்கிக்கொண்டு திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. பெஞ்சருகே வந்ததும் என்னைப் பார்த்து, ஏன் என்று கண்ணால் கேட்டார். உங்களை அந்தக் கடவுளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரலைங்க என்று நான் எப்படிச் சொல்வேன்?